வாஷ்பேசின் ஒழுகினா பூசாதீங்க, கழட்டுங்க!

நம்ம வலைப்பதிவு மக்கள் எழுதாத விஷயம் கிடையாது. உலக சினிமா, உள்ளூர் அரசியல், ராஜாவின் பின்னணி இசை, குளிர் நாட்டுல இட்லி மாவைப் புளிக்க வைக்கறது எப்படி வரைக்கும் எழுதித் தள்ளியாச்சு. ஆனா வாஷ்பேசினுக்கு அடியில ஒளிஞ்சுகிட்டு இருக்கற வேஸ்ட் கப்ளிங் பத்தி யாராவது ஒரு பதிவு போட்டிருக்கீங்களா? என் கண்ணுல படல. அந்தப் பெரும்பேறை எனக்குன்னு விட்டு வச்சதுக்கு நன்றி :-)

சிரிக்காதீங்க. புதுசா மாட்டின வாஷ்பேசின் ஒழுகறதுங்கறது நம்ம ஊர்ல கிட்டத்தட்ட கிரகப்பிரவேசச் சடங்கு மாதிரி ஆயிடுச்சு. பால் காய்ச்சின மறுநாளே பேசினுக்குக் கீழ ஒரு பெயிண்ட் டப்பா வந்து உட்காந்துடும். பிளம்பருக்குப் போன் போடுவோம். அவர் வந்து கொஞ்சம் வொயிட் சிமென்ட்டைக் குழைச்சு பூசிட்டுப் போவார். ஒரு வாரம் கழிச்சு மறுபடி டப்பா. மறுபடி போன். இந்த தடவை எம்சீல். அப்புறம் டெஃப்லான் டேப்பை வெளிப்பக்கமா சுத்தறது. அதுக்கும் மேல கிழிஞ்ச சைக்கிள் ட்யூபை வச்சுக் கட்டினவங்களைக்கூட நான் பாத்திருக்கேன்.

என் கட்சி ரொம்ப சிம்பிள். ஒழுகற பேசினை வெளியில இருந்து பூசி நிறுத்த முடியாது. கழட்டித்தான் ஆகணும். கழட்டி, சுத்தம் பண்ணி, காய வச்சு, சரியான சாமானைப் போட்டு, திரும்ப மாட்டணும். இதைச் செய்ய மாட்டேங்கற பிளம்பருக்கு மிச்சக் காசைக் குடுக்கக் கூடாது. அதே நேரத்துல, இதைச் செய்யற பிளம்பருக்கு நாம இப்ப குடுக்கற காசு பத்தவும் பத்தாது. ரெண்டாவது பாதியைச் சொன்னா மட்டும் வீட்டுக்காரங்களுக்குக் கோவம் வருது. வரட்டும், அதுக்கும் கீழ வர்றேன்.

முதல்ல, இது என்ன பெரிய விஷயம், நாலு சொட்டு தண்ணிதானேன்னு கேக்கறவங்களுக்கு. குழாய் சொட்டறதும் பேசின் அடியில ஒழுகறதும் வேற வேற. குழாய் நொடிக்கு ஒரு சொட்டுன்னு விட்டா ஒரு நாளைக்கு நாலு லிட்டருக்கு மேல நல்ல தண்ணி போகும். அது தண்ணி நஷ்டம். பேசின் அடியில ஒழுகறது நாம உபயோகிச்சு முடிச்ச தண்ணி, அது எப்படியும் சாக்கடைக்குப் போக வேண்டியதுதான். அதனால இதுல நஷ்டம் தண்ணி இல்ல. சுவர் ஓதம் ஏறி பெயிண்ட் பொரியும். அடியில மரக் கதவு போட்ட அலமாரி இருந்தா உப்பிப் போகும். எல்லாத்துக்கும் மேல, பளபளன்னு போட்ட டைல்ஸ் தரையில, கண்ணுக்கே தெரியாம, சோப்பு கலந்த தண்ணி ஒரு கை அகலத்துக்கு நிக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு பாத்ரூம் போற வயசானவங்க காலுக்கு அது எப்படி இருக்கும்னு யோசிங்க. இடுப்பெலும்பு முறிஞ்சா அந்த வயசுல என்ன ஆகும்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

இன்னொண்ணு. ஒழுகல்ங்கறது வீட்டு ஆம்பளைங்களுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை வேலை. "அடுத்த வாரம் பாத்துக்கலாம்"னு தள்ளிடலாம். அந்த டப்பாவைத் தினமும் ரெண்டு வேளை தூக்கி ஊத்தறவங்களுக்கு, தரையை நாலு வேளை துடைக்கறவங்களுக்கு அடுத்த வாரம்னு ஒண்ணு கிடையாது.

சரி, விஷயத்துக்கு வருவோம். கப்ளிங்னா என்ன? பேசின் குழிக்குள்ள, தண்ணி இறங்கற ஓட்டையில ஒரு பளபளப்பான வளையம் தெரியும் பாருங்க, அதோட உடம்பு கீழ நீட்டிக்கிட்டு இருக்கும். பீங்கானுக்கு அடியில ஒரு ரப்பர் வாஷர், அதுக்குக் கீழ ஒரு பெரிய நட்டு. மேல் வளையமும் கீழ் நட்டும் சேர்ந்து பீங்கானை சாண்ட்விச் மாதிரி பிடிச்சுக்கும். அந்த நட்டுக்குக் கீழ பாட்டில் ட்ராப்போ, சுருள் சுருளா இருக்கற பிளாஸ்டிக் வேஸ்ட் பைப்போ மாட்டறோம். பேசினுக்கு 32 மிமீ, அதாவது ஒண்ணேகால் இஞ்ச் சைஸ். அவ்ளோதான் மொத்த இயந்திரமும். ராக்கெட் இல்ல.

இந்த கப்ளிங்ல ரெண்டு ஜாதி உண்டு. (ஜாதி இல்லாத இடம் எது நம்ம நாட்டுல!) ஒண்ணு ஹாஃப் த்ரெட், இன்னொண்ணு ஃபுல் த்ரெட். ஹாஃப் த்ரெட்ல மேல் பாதி மரை இல்லாம, பக்கவாட்டுல ஜன்னல் மாதிரி வெட்டு இருக்கும். ஃபுல் த்ரெட்ல மேல இருந்து கீழ வரைக்கும் மரை, ஜன்னல் கிடையாது. இந்த ஜன்னல் எதுக்கு? பேசின் விளிம்புக்குக் கொஞ்சம் கீழ ஒரு சின்ன ஓட்டை பாத்திருப்பீங்க. குழாயை மூடாம விட்டுட்டா தண்ணி வழியாம இருக்கறதுக்கு வச்ச ஓவர்ஃப்ளோ ஓட்டை. அந்த ஓட்டையில போற தண்ணி பீங்கானுக்குள்ளயே ஒரு ரகசிய வழியில இறங்கி, இந்த ஜன்னல் வழியா கப்ளிங்குக்குள்ள வந்து சேரும். ஆக, ஓவர்ஃப்ளோ இருக்கற பேசினுக்கு ஜன்னல் வச்ச ஹாஃப் த்ரெட். ஓவர்ஃப்ளோ இல்லாத பேசினுக்கு ஜன்னல் இல்லாத ஃபுல் த்ரெட்.

மாத்திப் போட்டா? ஓவர்ஃப்ளோ இல்லாத பேசினுக்கு ஹாஃப் த்ரெட் போட்டீங்கன்னா, கீழ இறங்கற தண்ணி அந்த ஜன்னல் வழியா வெளிய எட்டிப் பாக்கும். கப்ளிங் உடம்புக்கும் பீங்கான் ஓட்டைக்கும் நடுவுல இருக்கற இடுக்குல போய் நிக்கும். அங்கேருந்து கீழ போக வழி தேடும். நீங்க நினைக்கற மாதிரி ரப்பர் வாஷர் முழுசா அதைத் தடுக்காது. மரைங்கறது ஒரு சுருள் பாதை. வாஷர் பீங்கானோட ஒட்டிக்கும், ஆனா மரையோட பள்ளத்துக்குள்ள முழுசா இறங்காது. தண்ணி மரையைப் பிடிச்சு, மலைப்பாதையில பஸ் இறங்கற மாதிரி சுத்திச் சுத்தி நட்டைத் தாண்டி கீழ வந்து சொட்டும். நட்டை இறுக்கினா நிக்கும்னு நினைக்கறது இங்கதான் தோத்துப் போகுது. எவ்வளவு இறுக்கினாலும் மலைப்பாதை மலைப்பாதையாவே இருக்கும். பீங்கான்தான் விரியும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஓவர்ஃப்ளோ இருக்கற பேசினுக்கு ஃபுல் த்ரெட் போட்டா, பேசின் நிரம்பற வரைக்கும் ஒண்ணும் தெரியாது. நிரம்பின அன்னிக்கு அந்த ரகசிய வழியில இறங்கின தண்ணி உள்ள போக ஜன்னல் இல்லாம அடியில மாட்டிக்கும். கொஞ்ச நாள்ல நாறும்.

இப்ப கீழ்பென்னாத்தூர் கதை. திருவண்ணாமலையில இருந்து செஞ்சி போற பஸ்ல ஏறினா வழியில வர்ற ஊர். ஒரு பக்கம் மலை வாசல், இன்னொரு பக்கம் கோட்டை வாசல். மல்லாட்டை சீசன்ல போனீங்கன்னா வேக வச்ச மல்லாட்டை வாசனையிலயே பாதி வயிறு நிறைஞ்சிடும். அங்க எங்க அக்காவோட வீடு. அக்காவோட மாமியாருக்கு எழுபது தாண்டிடுச்சு. ராத்திரியில தோட்டத்துப் பக்கம் போக முடியலன்னு, வீட்டுக்குள்ளயே ஒரு பாத்ரூம் கட்டினாங்க. கிரானைட் பலகை போட்டு, அது மேல கிண்ணம் மாதிரி உட்காருதே, டேபிள் டாப் பேசின், அதை வச்சாங்க. பாக்க ஓட்டல் மாதிரி இருந்தது. மூணாம் நாள் ஒழுகல்.

பிளம்பர் தம்பி மூணு தடவை வந்தார். முதல் தடவை வொயிட் சிமென்ட். ரெண்டாம் தடவை எம்சீல். மூணாம் தடவை, "பேசின்லயே எங்கயோ கிராக் இருக்குதுங்க, மாத்திடுங்க"ன்னு தீர்ப்பே சொல்லிட்டார். மாமா வேற பேசினுக்கு விலை விசாரிக்க ஆரம்பிச்சிட்டார். அத்தைதான் வாசப்படியில உக்காந்துகிட்டு, "கெணத்தடியிலயே மூஞ்சி கழுவிக்கினு இருந்தேன் தம்பி, நிம்மதியா. எனக்குன்னு கட்டறேன்னு கட்டி, இப்ப வழுக்கி வுழுந்துடுவேன்னு உள்ள போவவே வுட மாட்றாங்க"ன்னாங்க. அவங்களுக்காகக் கட்டின பாத்ரூம், அவங்களைத் தவிர எல்லாரும் உபயோகிக்கறாங்க!

நான் போய்ப் பாத்தேன். பேசின்ல ஓவர்ஃப்ளோ ஓட்டை இல்ல. அந்தக் கிண்ண டைப்ல நிறைய மாடல்ல இருக்காது. ஆனா ஓட்டைக்குள்ள டார்ச் அடிச்சா கப்ளிங்ல ஜன்னல் தெரியுது. அவ்வளவுதான் வியாதி. கிராக்கும் இல்ல, மண்ணும் இல்ல.

பிளம்பர் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் சொன்னதுதான் இந்தப் பதிவுக்கே காரணம். "சார், குடுத்ததைத்தானே மாட்டறோம். நான் வர்றதுக்கு முன்னாடியே சாமான்லாம் வாங்கி வச்சிட்டாங்க." நியாயமான பேச்சு. கப்ளிங் வித்த உள்ளூர் கடைக்காரர்கிட்ட போனோம். "பேசின் இங்க வாங்கலியே சார், அதுல ஓட்டை இருக்கா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?" அதுவும் நியாயம். பேசின் வித்தவரோ திருவண்ணாமலையில, அவர் வேலை பீங்கானை உடையாம வண்டியில ஏத்தறதோட முடிஞ்சுது. மூணு பேரும் நல்லவங்க, மூணு பேரும் அவங்கவங்க வேலையை ஒழுங்கா பாத்திருக்காங்க. ஆனா பேசினையும் கப்ளிங்கையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒருத்தர்கூடப் பாக்கல. நம்ம ஊர் வீடு கட்டற லட்சணம் மொத்தமும் இந்த ஒரு கப்ளிங்ல அடங்கியிருக்குன்னு எனக்குத் தோணுது.

அந்த வொயிட் சிமென்ட் மேட்டருக்கு வருவோம். இது ஏன் நிக்காது? சிமென்ட் காஞ்சா கல்லு. பேசினோ அசையற சாமான். முகம் கழுவும்போது அது மேல கையை ஊணறோம், குழந்தைங்க தொங்குது. வெந்நீர் ஊத்தினா உலோகம் ஒரு மாதிரி விரியும், பீங்கான் ஒரு மாதிரி விரியும். நடுவுல மாட்டிக்கிட்ட கல்லுல மயிரிழை வெடிப்பு விழும். அதுக்கு மேல, பேசினோட மேல்பூச்சு கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கும், சிமென்ட் அதுல சரியா பிடிக்கவும் செய்யாது. எம்சீல் நல்ல சாமான்தான், உடைஞ்ச பைப்புக்கும் ஓட்டை விழுந்த டேங்குக்கும் கை குடுக்கும். ஆனா ஈரமா சொட்டிக்கிட்டு இருக்கற மரை மேல அப்பினா எந்தப் பசைதான் ஒட்டும்? அப்படியே ஒட்டினாலும் தண்ணி வேற இடத்துல வழி கண்டுபிடிக்கும். அடுத்த தடவை கழட்டணும்னா உளியும் சுத்தியலும் வேணும். பாதி பேசின் அங்கதான் உடையுது, ஒழுகலால இல்ல.

கழட்டறதுக்கு முன்னாடி எங்க ஒழுகுதுன்னு கண்டுபிடிக்கறது முக்கியம். நம்மாளுங்க நேரா ஸ்பேனரோட பாயறாங்க. அடியில எல்லாத்தையும் பழைய துணியால நல்லா துடைச்சுக் காய விடுங்க. அடைப்பானைப் போட்டு பேசின்ல பாதி வரைக்கும் தண்ணி நிரப்புங்க. ஓவர்ஃப்ளோ ஓட்டை இருந்தா அந்த மட்டத்துக்குக் கீழயே நிறுத்திடணும். துணிக்குப் போடற சொட்டு நீலம் ரெண்டு சொட்டு விட்டா இன்னும் நல்லது. கால் மணி நேரம் சும்மா விட்டுட்டுப் போய் ஒரு காபி குடிச்சிட்டு வாங்க. அடைப்பான் மூடியிருக்கும்போதே கீழ நீலமா சொட்டுச்சுன்னா, மேல் வளையத்துக்கு அடியில இடைவெளி இருக்குன்னு அர்த்தம். சொட்டலையா? இப்ப ஒவ்வொரு மூட்டையும் சுத்தி ஒரு துண்டு பேப்பரைச் சுத்தி வச்சுட்டு அடைப்பானை எடுங்க. மேல இருந்து கீழ பாத்துகிட்டே வாங்க, முதல்ல எந்தப் பேப்பர் நனையுதோ அதுதான் குற்றவாளி. பெரிய நட்டுகிட்ட நனைஞ்சா மரை வழி. அதுக்குக் கீழ நனைஞ்சா ட்ராப்போட வாஷர். கீழ ஈரமா இருக்குன்னு கீழ இருக்கற மூட்டை இறுக்கறது, காய்ச்சல்னு தெர்மாமீட்டருக்கு வைத்தியம் பண்ற மாதிரி.

அக்கா வீட்டுல புது ஃபுல் த்ரெட் கப்ளிங் வாங்கினோம். கழட்டற வேலைதான் நேரம் எடுத்தது, அந்த எம்சீலைச் சுரண்டவே ஒரு மணி நேரம். பீங்கானோட மேல் பள்ளத்தையும் அடிப்பக்கத்தையும் கத்தியால மெதுவா சுத்தம் பண்ணி, துணியால துடைச்சு, முழுசா காய விட்டோம். மேல் வளையத்துக்கு அடியில சுத்திவர சிலிக்கான் சீலன்ட். கீழ, ரப்பர் வாஷர் வந்து உட்கார்ற இடத்துல மரை மேலயும் கொஞ்சம் சிலிக்கான், அந்த மலைப்பாதையை அடைக்க. (ஹாஃப் த்ரெட்டா இருந்தாலும் இதே வேலைதான், ஜன்னலை அடைச்சிடாம பாத்துக்கணும், ஜன்னல் ஓவர்ஃப்ளோ வழியைப் பாத்து இருக்கணும்.) வாஷர் உட்காந்தப்புறம் நட்டைக் கையால இறுக்கி, அப்புறம் ஸ்பேனர்ல கால் சுத்து, மிஞ்சிப் போனா அரைச் சுத்து. இறுக்கும்போது மேல ஒருத்தர் கப்ளிங் சுத்தாம பிடிச்சுக்கணும், இல்லன்னா போட்ட சிலிக்கான் எல்லாம் இழுத்துகிட்டுப் போயிடும். பிதுங்கின சிலிக்கானைத் துடைச்சிட்டு, பேசினைத் தொடாம 24 மணி நேரம் விட்டோம். அவ்வளவுதான். கப்ளிங்கும் சிலிக்கானும் சேர்த்து புது பேசின் விலையில ஒரு சின்னப் பகுதிகூட இல்ல.

அந்த 24 மணி நேரம்ங்கறதைக் கவனிங்க. பிளம்பர்கிட்ட இல்லாதது அதுதான். திறமை இல்லாம இல்ல. நாம அவருக்குக் காசு குடுக்கறது பாயிண்ட் கணக்குல. இத்தனை பாயிண்ட், இவ்வளவு ரூபா. மாட்டினா பாயிண்ட். காய வச்சு, மறுநாள் வந்து, தண்ணி நிரப்பி, பேப்பர் சுத்திப் பாக்கறதுக்கு எந்த பாயிண்ட்டும் கிடையாது. மறுநாள் அவர் வந்தா அது அவர் கைக்காசு, அன்னிக்கு வேற வீட்டுக் கூலி போச்சு. அப்புறம் ஏன் அவர் வொயிட் சிமென்ட்டைத் தேட மாட்டார்? தப்பு நம்ம கணக்குலதான் இருக்கு. "டெஸ்டிங் பண்ணிக் குடுத்தா இவ்வளவு தனியா"ன்னு முதல்லயே பேசிட்டா பாதிப் பிரச்சினை தீரும். பேசிப் பாத்திருக்கேன், தீந்திருக்கு.

படிப்பு இல்லாமலும் இல்ல. ஐடிஐல பிளம்பர்னு ஒரு வருஷப் படிப்பே இருக்கு. ஒடிசாவுல கேந்திரபாரா மாவட்டம் பிளம்பர்களுக்குப் பேர் போனது, அங்க பட்டாமுண்டாய்ங்கற ஊர்ல அரசாங்கமே பிளம்பிங்குக்குன்னு தனி நிலையம் வச்சிருக்கு. டில்லியில, மும்பையில அடுக்குமாடிக்கு அடுக்குமாடி அந்த ஊர்க்காரங்களைப் பாக்கலாம். ஒரு ஊரே ஒரு தொழிலைப் பெருமையா எடுத்துச் செய்யுது. நம்ம பக்கத்துல பையன் பிளம்பர் ஆகணும்னு சொன்னா வீட்டுல என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்ச பசங்க பெங்களூர்ல வேலை தேடிட்டு இருப்பாங்க, ஊர்ல ஒரு கப்ளிங் மாத்த ஆள் கிடைக்காது.

இதுக்குப் பின்னாடி ஒரு அசிங்கமான விஷயமும் இருக்கு, சொல்லித்தான் ஆகணும். நல்ல தண்ணி வர்ற குழாய்னா நாமே வாஷர் மாத்துவோம், டேப் சுத்துவோம், வீடியோ பாத்து ஷவர் மாட்டுவோம். கழிவு போற குழாய்னா மட்டும் "ஆளைக் கூப்பிடு". பேசின் குழாய்ல போறது நம்ம வாயில இருந்து வந்த பேஸ்ட் நுரை, நம்ம மூஞ்சி கழுவின சோப்புத் தண்ணி. அதைத் தொட்டா தீட்டாயிடுமா? கழிவுன்னா அதுக்குன்னு பிறந்தவங்க இருக்காங்கன்னு ஆயிரம் வருஷமா சொல்லிக் குடுத்தது, 32 மிமீ பைப் வரைக்கும் வந்து நிக்குது. மனுஷன் கையால மலம் அள்றதைத் தடை பண்ணி 2013ல சட்டம் வந்துச்சு. அதுக்கப்புறமும் செத்துக்கிட்டுத்தான் இருக்காங்க. பேசினைக் கழட்டறதுக்கும் அதுக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேக்கலாம். எனக்கென்னவோ ரெண்டும் ஒரே வாய்க்கால்ல ஓடற தண்ணியாத்தான் தெரியுது.

இத்தனைக்கும் வடிகால் நமக்குப் புதுசா என்ன? கீழடியில 2019ல நடந்த அஞ்சாம் கட்ட அகழாய்வுல, ஒண்ணுக்குள்ள ஒண்ணு பொருந்தற மாதிரி செஞ்ச சுடுமண் குழாய்ங்க கிடைச்சுது. தூம்பு, சுருங்கை, சலதாரை, அங்கணம்னு தண்ணி வெளிய போற வழிக்கு நம்மகிட்ட எத்தனை சொல் இருக்கு பாருங்க. அங்கணம்ங்கற சொல் திருக்குறள்லயே வருது. இத்தனை சொல் வச்சிருந்த மொழியில இன்னிக்கு வேஸ்ட் கப்ளிங்குக்கு ஒரு சொல் இல்ல. தமிழார்வலர்கள் யாராவது கண்டுபிடிச்சு சொன்னீங்கன்னா கடைக்காரர்கிட்ட கேட்டுப் பாக்கறேன், அவர் என்ன எடுத்துக் குடுக்கறார்னு :-)

சொல் மட்டுமா, பேசினே நம்ம பக்கத்துச் சரக்குதான். பாரி கம்பெனி ராணிப்பேட்டையில 1952ல சானிட்டரி சாமான் செய்ய ஆரம்பிச்சுது. அப்ப நாமளும் ராணிப்பேட்டையும் ஒரே வட ஆற்காடு மாவட்டம். 1989லதான் நாம தனியா பிரிஞ்சோம். அந்தப் பக்கம் வடலூர்ல நெய்வேலி செராமிக்ஸ். வாஷ்பேசினுக்கு ஐஎஸ் 2556, கப்ளிங்குக்கு ஐஎஸ் 2963ன்னு தர அளவும் எழுதி வச்சிருக்கு. பீங்கானை வாங்கும்போது முத்திரை பாக்கறோம். கப்ளிங்கை வாங்கும்போது கடைக்காரர் டப்பாவுல கை விட்டு எதை எடுக்கறாரோ அது.

ஒழுகல் நின்னாலும் வேலை முடியல. கப்ளிங்குக்குக் கீழ என்ன இருக்குன்னு குனிஞ்சு பாருங்க. பல வீட்டுல அந்தச் சுருள் பைப்பை நேரா தரை ஓட்டைக்குள்ள செருகி விட்டிருப்பாங்க, சுத்திவர இடைவெளியோட. அந்த ஓட்டைக்குக் கீழ நஹானி ட்ராப் இருந்தா பரவாயில்ல. நேரா தெரு வாய்க்காலுக்குப் போச்சுன்னா, வாய்க்காலோட வாசனை, கரப்பான், கொசு எல்லாம் பேசின் வழியா நலம் விசாரிக்க வரும். ட்ராப்போட வேலை எளிமை. வளைவுல எப்பவும் கொஞ்சம் தண்ணி நிக்கும், அந்தத் தண்ணியே கதவு. அலெக்சாண்டர் கம்மிங்னு ஒரு கடிகாரக்காரர் 1775ல வளைஞ்ச குழாய் வச்ச கழிப்பறைக்குக் காப்புரிமை வாங்கினார். அந்த வளைவுலதான் இன்னிக்கும் ஓடிக்கிட்டு இருக்கோம்.

அந்தத் தண்ணி வத்திப் போனா என்ன ஆகும்னு 2003ல ஹாங்காங் பாத்துச்சு. சார்ஸ் வந்த சமயம், அமாய் கார்டன்ஸ்னு ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புல 300 பேருக்கு மேல நோய் தொத்துச்சு. விசாரிச்சவங்க சொன்ன முக்கியமான காரணங்கள்ல ஒண்ணு, பாத்ரூம் தரை ட்ராப்ல தண்ணி வத்திப் போய், கழிவுக் குழாயில இருந்த காத்து வீட்டுக்குள்ள வந்தது. நான் ஒண்ணும் பயமுறுத்தல. கீழ்பென்னாத்தூர்ல நாப்பது மாடி கட்டடம் கிடையாது. ஆனா வெளியூர் போய் ஒரு மாசம் கழிச்சு வந்து கதவைத் திறந்தா பாத்ரூம் நாறுதே, அதுக்கு ஊதுவத்தி கொளுத்தாதீங்க. எல்லா ட்ராப்லயும் ஒரு சொம்பு தண்ணி ஊத்துங்க, போதும்.

நம்ம மாவட்டத்துக்குன்னு ஒரு கூடுதல் தொல்லை. பாறைப் பூமி, போர் தண்ணியில உப்பு. குழாய் வாயைப் பாத்தாலே தெரியும், வெள்ளையா பொறுக்குத் தட்டியிருக்கும். இந்தத் தண்ணி மெதுவா கசிஞ்சா, கசியற இடத்துலயே காஞ்சு உப்பைப் படிய விட்டுட்டுப் போகும். கொஞ்ச நாள்ல அந்த உப்பே வழியை அடைச்சிடும். "தானாவே நின்னுடுச்சு பாத்தியா"ன்னு வீட்டுக்காரர் மீசையை முறுக்குவார். நிக்கல. அடுத்த தடவை யாராவது பேசின் மேல கை ஊணும்போது பொறுக்கு உதிரும், மறுபடி சொட்டும். நட்டைச் சுத்தி வெள்ளையா பூத்திருந்தா, இப்ப சொட்டாட்டியும், அங்க ஒழுகின சரித்திரம் உண்டுன்னு வச்சுக்கோங்க. வாங்கப் போற வீடுன்னா பேசினுக்கு அடியில டார்ச் அடிச்சுப் பாக்க வெக்கப்படாதீங்க. வீட்டுக்காரங்க சொல்லாத கதையெல்லாம் அந்த நட்டு சொல்லும்.

அடுத்து யார் வீட்டுலயாவது பேசின் மாட்டறாங்கன்னா, கப்ளிங்கை பேசின் வாங்கற கடையிலயே, பேசினைப் பக்கத்துல வச்சுக்கிட்டு வாங்கச் சொல்லுங்க. ஓவர்ஃப்ளோ ஓட்டையில விரலை வச்சுக் காட்டி, "இதுக்கு எது?"ன்னு கேளுங்க. ரெண்டு கப்ளிங்கைக் கையில வாங்கி எடை பாருங்க. தகரம் மாதிரி லேசா இருந்தா திருப்பிக் குடுத்துடுங்க. மரையில நட்டைக் கையால ஓட்டிப் பாருங்க, வழியில கடிச்சா வேற கேளுங்க. கடைக்காரர் உங்களை ஒரு மாதிரி பாப்பார். பாக்கட்டும்.

பி.கு. 1: கிரானைட் பலகை மேல உட்கார்ற பேசினா இருந்தா கப்ளிங்கோட நீளத்தையும் பாத்துக்கோங்க. பீங்கான் கனத்தோட பலகை கனமும் சேரும், நட்டு பலகைக்கு அடியில போய் இறுக்கற மாதிரி மாட்டினா குட்டையான கப்ளிங் எட்டாது. எட்டாததை எட்ட வைக்கத்தான் நம்மாளுங்க வாஷரைக் கழட்டிட்டு மாட்டறாங்க.

பி.கு. 2: அத்தை இப்ப உள்ளதான் மூஞ்சி கழுவறாங்க. ஆனாலும் அந்தப் பெயிண்ட் டப்பாவை எடுக்க விடல. "இருக்கட்டும் தம்பி, எதுக்கும்"னாங்க.